ஒழுகாத கூரை: கடலோர விவசாயிகள் அறிய வேண்டிய சொற்களும் பொருள்களும்

விதை நெல்லைப் பொறுக்கி எடுத்து, காய வைத்து, பூச்சி புகாமல் மூட்டை கட்டி வைப்பதில் நம் விவசாயிகள் காட்டும் அக்கறை பெரிது. ஆனால் அந்த மூட்டைக்கு மேலே உள்ள கூரையைப் பற்றி ஐப்பசி மழை கொட்டும்போதுதான் நினைவு வருகிறது. விதை நெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உளுந்து விதையில் 9 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே இரவில் சொட்டுகிற தண்ணீர் இந்தக் கணக்கு முழுவதையும் குலைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளைப் பகுதியில் ஒரு விவசாயியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில், நிற்கும் பயிரிலேயே தூவுவதற்கென்று அவர் வைத்திருந்த உளுந்து விதை நான்கு மூட்டை. நான்கும் முளைத்துப் பூஞ்சாளம் பிடித்துக் கிடந்தன. "மாடியில் ரெண்டு தடவை மருந்து அடிச்சேனே ஐயா, அப்பவும் ஒழுகுதே" என்றார். மாடி ஏறிப் பார்த்தோம். தளத்தில் பழுது ஒன்றும் இல்லை. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயைப் பூவரச இலை அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்திலிருந்த வெடிப்பில் இறங்கி, ஆறடி தள்டி அறையின் நடுவே சொட்டியது. மருந்துக்குச் செலவழித்த பணமும் போயிற்று, விதையும் போயிற்று, பருவமும் தவறிற்று.

இதற்குக் காரணம் அவருடைய அசட்டை அல்ல. கொத்தனார் ஒரு சொல் சொல்கிறார், கடைக்காரர் ஒரு சொல் சொல்கிறார், பொறியாளர் வேறு ஒன்று சொல்கிறார். எது எதற்கு என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே கூரை பற்றியும் நீர்க்காப்பு பற்றியும் அடிக்கடி காதில் விழும் சொற்களையும் பொருள்களையும் இங்கே விளக்குகிறேன்.

நம் பகுதியின் தன்மை

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியில் கிள்ளை அமைந்துள்ளது. பக்கத்தில் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, அதற்கு அப்பால் கடல். இங்கே கூரைக்கு மூன்று எதிரிகள் உண்டு. முதலாவது, வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. இரண்டாவது, புயல் காற்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரை கடந்த தானே புயலின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். அன்று பறந்துபோன தகரங்களையும் ஓடுகளையும் கீற்றுகளையும் இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது, உப்பு. இது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வருகிறது, கிணற்று நீரில் வருகிறது, மணலில் வருகிறது.

உள் மாவட்டங்களில் நன்றாக உழைக்கும் பொருள் இங்கே சில ஆண்டுகளில் துருப்பிடித்துப் போவதற்கு இந்த உப்பே காரணம். எனவே கோயம்புத்தூரிலோ சேலத்திலோ உள்ள உறவினர் வீட்டைப் பார்த்து அதே பொருளை வாங்குவது சரியல்ல.

ஒழுக்கா, ஓதமா, வியர்வையா?

கூரைக்கு மருத்துவம் பார்ப்பதற்கு முன் நோயை அறிய வேண்டும். வீட்டுக்குள் ஈரம் தெரிந்தால் அது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

ஒழுக்கு என்பது மழை பெய்தபோதோ, பெய்து சில மணி நேரம் கழித்தோ மேலிருந்து வருவது. கூரையில் கறை வட்டமாகப் பரவும். மழை நின்று சில நாளில் காயும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் தளத்துக்குள் வாட்டமான பக்கம் ஓடி, வழி கிடைத்த இடத்தில் இறங்கும்.

ஓதம் என்பது தரையிலிருந்து சுவர் வழியாக மேலே ஏறும் ஈரம். கழிமுகத்தில் ஏறி இறங்கும் நீருக்கும் ஓதம் என்றே பெயர். இரண்டுமே கீழிருந்து ஏறுபவை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுவரின் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து நின்றால் அது ஓதம். இதற்கு மாடியில் எத்தனை மருந்து அடித்தாலும் பயன் இல்லை. வீடு கட்டும்போதே அடித்தளத்துக்கு மேல், சுவர் தொடங்கும் மட்டத்தில், ஒன்றரை அங்குல கனத்துக்கு 1:2:4 கான்கிரீட்டை நீர்க்காப்புக் கலவை சேர்த்து ஒரு பட்டையாகப் போட வேண்டும். இதை ஓதத் தடுப்புப் பட்டை என்றும், பொறியாளர்கள் டி.பி.சி. என்றும் சொல்வார்கள். புதிதாகக் கட்டுவோர் இதை விட்டுவிடக் கூடாது.

வியர்வை என்பது தகரக் கூரையின் அடியில் மார்கழி, தை மாத அதிகாலையில் முத்து முத்தாகத் திரண்டு சொட்டுவது. மழையே பெய்திராது. உள்ளே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. இதற்கு மருந்து காற்றோட்டம். சுவரின் மேற்புறத்தில் எதிரெதிராகத் திறப்புகள் வைத்தால் பெரும்பாலும் குறையும். விதை மூட்டைகளைத் தகரத்துக்கு நேர் அடியில் அடுக்காமல், மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும்.

கீற்றும் ஓலையும்

தென்னங்கீற்று, பனையோலை, வைக்கோல், விழல் ஆகியவை நம் பழைய கூரைப் பொருள்கள். இவற்றில் எதுவும் தானாக நீர் புகாத பொருள் அல்ல. சரிவினால்தான் நீர் உள்ளே இறங்காமல் வடிகிறது. ஆகவே கீற்றுக் கூரையின் சாய்மானம் ஏறத்தாழ 45 பாகை இருக்க வேண்டும். அதாவது, முகட்டிலிருந்து சுவர் வரை கிடையாக அளந்தால் எத்தனை அடியோ, அத்தனை அடி உயரமும் வேண்டும். செலவைக் குறைக்க உயரத்தைக் குறைத்தால் கீற்று சீக்கிரம் மக்கும். கூரை ஒழுகும்.

சில பெயர்கள்: கூரையின் உச்சிக் கோடு முகடு. அதைத் தாங்கும் மரம் முகட்டு வளை. முகட்டிலிருந்து சுவர் நோக்கி இறங்குபவை கைமரங்கள். அவற்றின் குறுக்கே கட்டும் மூங்கில் பிளாச்சுகள் வரிச்சு. ஓட்டுக் கூரையில் வரிச்சின் இடத்தில் அடிக்கும் மெல்லிய சட்டம் ரீப்பர். சுவருக்கு வெளியே நீண்டு தொங்கும் பகுதி இறவாரம்.

இறவாரம் நீளமாக இருந்தால் சுவர் நனையாது. ஆனால் புயல் காற்று அதை அடியிலிருந்து தூக்கும். ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. திண்ணைக் கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாக இறக்காமல் தனியாக அமைத்தால், புயலில் திண்ணைக் கூரை போனாலும் வீட்டுக் கூரை தப்பும். இரு பக்கச் சரிவுக் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்கு தாங்கும். புயல் மாதங்களில் கீற்றுக் கூரையின் மேல் கயிற்றாலோ பழைய மீன் வலையாலோ இறுகப் போர்த்தி, தரையில் அடித்த முளைகளில் கட்டி வைக்கலாம்.

நாட்டு ஓடும் சீமை ஓடும்

குயவர் சூளையில் சுடும் அரைக்குழாய் வடிவ ஓடு நாட்டு ஓடு. ஒரு வரிசை மல்லாந்தும் அதன் மேல் ஒரு வரிசை கவிழ்ந்தும் கிடக்கும். பூனை, குரங்கு, காற்று ஆகியவற்றால் நகர்ந்துவிடும். ஆண்டுதோறும் ஆடி, ஆவணிக்குள் ஓடு மாற்றிப் போட வேண்டும்.

சீமை ஓடு அல்லது மங்களூர் ஓடு என்பது இயந்திரத்தில் அழுத்திச் சுட்ட, ஒன்றோடு ஒன்று கொக்கி போல் பொருந்தும் ஓடு. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் மங்களூரில் இதற்குத் தொழிற்சாலை தொடங்கியதால் அந்தப் பெயர் நிலைத்தது. இதற்கு இரண்டடிக்கு ஓர் அடி என்ற அளவில் சாய்மானம் வேண்டும்.

ஓடு வாங்கும்போது செய்து பார்க்க எளிய சோதனைகள் இரண்டு. விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் வேகாத ஓடு அல்லது விரிசல் விட்ட ஓடு. அடுத்து, காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊற வைத்து, துடைத்துவிட்டு மீண்டும் எடை போடவும். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் நீர் குடித்திருந்தால் அந்தச் சூளை ஓடு வேண்டாம். முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பதிப்பதும், இறவாரத்தை ஒட்டிய இரண்டு வரிசைகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுவதும் புயலுக்குப் பாதுகாப்பு.

ஓட்டையும் ஆணியையும் அலட்சியமாக நினைக்க வேண்டியதில்லை. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரைக்கே 21,600 பொன் ஓடுகள், 72,000 ஆணிகள் என்று மரபில் கணக்குச் சொல்கிறார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கும் உடலின் நாடிகளுக்கும் அவற்றை ஒப்பிடுவார்கள். நம் வீட்டுக் கூரைக்கும் ஓட்டைப் போலவே ஆணியும் முக்கியம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தகரமும் கல்நார்த் தகடும்

வெறும் இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியது நாகத் தகடு. கடைகளில் ஜி.ஐ. ஷீட் என்பார்கள். துத்தநாகம் தன்னைத் தேய்த்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. உப்புக் காற்றில் அது விரைவாகத் தேயும். ஆகவே தகட்டின் கனத்தை மட்டும் கேட்டு வாங்காமல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகப் பூச்சு என்றும் கேட்க வேண்டும். 120 கிராம் பூச்சும் உண்டு, 275 கிராம் பூச்சும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கடலோரத்துக்கு அதிகப் பூச்சு உள்ளதே ஏற்றது.

அலுமினியம் 55 சதவீதமும், மீதி பெரும்பாலும் துத்தநாகமும், சிறிது சிலிக்கானும் கலந்து பூசிய தகடு இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இதன் மேல் வண்ணம் ஏற்றியதே நாம் பார்க்கும் வண்ணத் தகடு. இது நாகத் தகட்டைவிடப் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஈரச் சிமிண்டும் சுண்ணாம்பும் பட்டால் இந்தப் பூச்சு அரிக்கப்படும். மாட்டுக் கொட்டகையில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் இதற்குப் பகை. கொட்டகைக்கு இதைப் போடுவோர் கூரையை உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டு, தினமும் கழுவிவிட வேண்டும்.

தகடு அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை: சாய்மானம் மூன்றடிக்கு ஓர் அடி இருந்தால் நல்லது. நெளி தகட்டில் பக்கவாட்டில் ஒன்றரை நெளியும், மேல் கீழாக 15 சென்டிமீட்டரும் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். நமக்கு மழைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்முனையிலிருந்து அடிக்கத் தொடங்க வேண்டும். அப்போது மேல் ஏறிய தகட்டின் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும், சாரல் நுழையாது. திருகாணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் கட்டாயம். அளவுக்கு மீறி முறுக்கினால் வாஷர் பிதுங்கிக் கிழியும். காற்று முதலில் தூக்குவது ஓரங்களையும் முகட்டையும்தான். ஆதலால் அங்கே திருகாணிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும். நல்ல தகட்டுக்குப் பூச்சில்லாத இரும்பு ஆணியை அடித்தால் ஆணி துருப்பிடித்து, தகட்டையும் கெடுக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார் இழையைச் சிமிண்டுடன் சேர்த்துச் செய்த தகடு. துருப்பிடிக்காது என்பதால் கடலோரத்தில் பலர் இதை விரும்பினார்கள். ஆனால் இதன் தூசி நுரையீரலுக்குள் சென்றால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உள்ளிட்ட கொடிய நோய்களை உண்டாக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது. முழுதாகக் கிடக்கும் தகட்டைவிட, அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும் கம்பித் துரிஞ்சியால் தேய்ப்பதுமே அதிக ஆபத்து. பழைய தகட்டை இறக்க நேர்ந்தால் நன்றாக நனைத்து, முகத்தில் தகுந்த கவசம் அணிந்து, உடைக்காமல் இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் களத்திலும் பாதையிலும் கொட்டக் கூடாது, பிள்ளைகளை அருகில் விடக் கூடாது. புதிதாகப் போடுவோர் கல்நார் கலவாத நாரிழைச் சிமிண்டுத் தகடு கேட்டு வாங்கலாம்.

கான்கிரீட் தளம்

குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடுகள் கட்டும் அரசுத் திட்டங்களால் நம் ஊர்களில் கான்கிரீட் கூரைகள் பெருகிவிட்டன. கான்கிரீட் என்றால் ஒழுகாது என்ற நம்பிக்கை சரியல்ல. அடர்த்தியான கான்கிரீட்தான் ஒழுகாது.

கலவையின் வலுவை எம்-20, எம்-25, எம்-30 என்று எண்ணால் குறிப்பார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்த அளவாக எம்-20 ஐக் கூறுகிறது. கடற்காற்று நேராகத் தாக்கும் கான்கிரீட்டுக்கு எம்-30 வேண்டும் என்கிறது. கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனத்துக்குக் கவர் என்று பெயர். கடற்காற்று நேராகப் படும் இடத்தில் இது 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கல் துண்டுகளை முட்டுக் கொடுக்காமல், அளவாக வார்த்த கவர் கட்டைகளை வைத்தே கம்பி கட்டச் சொல்ல வேண்டும்.

இந்தக் கவர் ஏன் முக்கியம்? உப்பு மெல்ல ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெம்புவதால் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது. தூங்குபவர் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

உப்பு வெளியிலிருந்து வருவதற்கு முன் நாமே உள்ளே போட்டுவிடக் கூடாது. கடல் மணலும் உப்பனாற்று மணலும் கட்டடத்துக்கு ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் கரிக்கிறது. குடிக்க முடியாத நீரைத் தளத்துக்கு ஊற்றாதீர்கள். பாசன நீரைப் பரிசோதிப்பது போலவே இதையும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அடுத்து, கலவையில் ஊற்றும் நீரின் அளவு. 50 கிலோ சிமிண்டு மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டருக்குள் நீர் போதும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கொட்டச் சுலபமாக இருக்கிறது என்று கூழாகக் கரைத்தால், மிகையான நீர் பின்னால் ஆவியாகும்போது நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். மழை நீர் அந்த வழியாகத்தான் வருகிறது. வைப்ரேட்டர் கொண்டு கெட்டிப்படுத்த வேண்டும்.

நீராற்றுதல் பற்றி விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலுக்கு வரப்புக் கட்டுவது போலத் தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். சாதாரண சிமிண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமிண்டுக்குக் குறைந்தது 10 நாள். சித்திரை, வைகாசி வெயிலில் 14 நாள் நிறுத்துவது நல்லது. இந்தச் செலவில்லாத வேலையைச் சரியாகச் செய்தாலே பின்னால் வாங்கும் மருந்தில் பாதி மிச்சம்.

சுருக்கித் தளம்

கான்கிரீட் தளத்தின் மேல் வெயிலும் மழையும் நேராகப் படாமல் காக்கப் போடுவது சுருக்கித் தளம். பொறியாளர்கள் வெதரிங் கோர்ஸ் என்பார்கள். சுருக்கி என்பது முதலில் செங்கல் தூளுக்கு வழங்கிய பெயர். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறைக் கணக்கில் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. இதை சுமார் மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி, சுண்ணாம்பு நீர் தெளித்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுகச் செய்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது பழைய வழக்கம். இதன் மேல் 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டோடுகளை 1:3 சிமிண்டுக் கலவையில் நீர்க்காப்புப் பொருள் சேர்த்துப் பதிக்க வேண்டும்.

சிமிண்டை விட்டுச் சுண்ணாம்பு ஏன்? வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் தளத்தோடு சுண்ணாம்பு சற்று இசைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். செங்கல் ஜல்லி வெப்பத்தையும் தடுக்கும். பழைய மச்சு வீடுகளில், தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி அதன் மேல் போட்ட சுண்ணாம்புத் தளம் இந்த முறைதான். அதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அத்தகைய பழைய தளத்தின் மேல் கனமான சிமிண்டுப் பூச்சு போடுவது தவறு. கட்டை சுமை தாங்காது. ஈரமும் உள்ளே சிக்கிக்கொண்டு கட்டையை உளுக்கச் செய்யும்.

வாட்டம் இல்லாத சுருக்கித் தளம் வீண். 60 அடிக்கு ஓர் அடி, அதாவது 10 அடி நீளத்துக்கு 2 அங்குலம் இறக்கம் வேண்டும். தண்ணீர்க் குழாயும் போதுமானதாக இருக்க வேண்டும். மணிக்கு 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் 3 அங்குலக் குழாய் சுமார் 220 சதுர அடித் தளத்தின் நீரையும், 4 அங்குலக் குழாய் சுமார் 460 சதுர அடித் தளத்தின் நீரையும் வடிக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் இந்த மூலையிலும் குழாய் வாயிலும்தான் தொடங்குகிறது.

மருந்துகள் என்பவை எவை?

கடையில் மருந்து என்று ஒரே பெயரில் விற்பவை பல வகை.

ஒன்று, கலவையிலேயே சேர்க்கும் நீர்க்காப்புப் பொருள். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் சேர்த்தால் நன்மை கூடாது, வலுக் குறையவும் கூடும். ஏற்கெனவே ஒழுகும் தளத்துக்கு இது பயன்படாது.

இரண்டு, சிமிண்டுத் தூளும் பால் போன்ற பாலிமர் திரவமும் சேர்த்துத் தூரிகையால் பூசுவது. தண்ணீர்த் தொட்டி, குளியலறை, சுருக்கித் தளத்துக்கு அடியில் உள்ள கான்கிரீட் ஆகியவற்றுக்கு ஏற்றது.

மூன்று, அக்ரிலிக் பூச்சு. மாடியில் வெள்ளையாகப் பூசுவது பெரும்பாலும் இதுவே. வெயிலைத் திருப்பிவிட்டுச் சூட்டையும் குறைக்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் தளத்தில் நாளடைவில் உரிந்துவிடும்.

நான்கு, பாலியூரித்தேன் பூச்சு. ரப்பர் போல் இழுபடும். விலை கூடுதல்.

ஐந்து, தார்ப்பாளம். 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள தார் கலந்த பாயைச் சுடர் காட்டி உருக்கி ஒட்டுவது. வெயில் தாக்காமல் மேலே காப்பு வேண்டும். அனுபவம் இல்லாதவர் கையில் தீ விபத்துக்கு இடமாகும். கீற்றுக் கொட்டகை அருகில் செய்யவே கூடாது.

எந்தப் பூச்சாக இருந்தாலும் தளம் நன்கு காய்ந்து, பாசியும் தூசியும் நீங்கி இருக்க வேண்டும். ஐப்பசியில் ஈரத் தளத்தின் மேல் அவசரமாகப் பூசுவது, ஈர நெல்லைப் பத்தாயத்தில் கொட்டுவது போன்றதே. வெடிப்பை அப்படியே மூடிப் பூசாமல், உளியால் சிறிது அகலப்படுத்தி, பாலிமர் சாந்தால் அடைத்து, நாரிழை வலைப் பட்டை ஒட்டி, அதன் மேல் பூச வேண்டும்.

தளத்தின் அடியில் துருக்கறையும் கம்பியின் நீளத்துக்கு வெடிப்பும் தெரிந்தால் மேலே பூசும் எந்த மருந்தும் போதாது. அது நீர்க்காப்பு வேலை அல்ல, பலப்படுத்தும் வேலை. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாக நீக்கி, காப்புப் பூச்சு கொடுத்துப் பாலிமர் சாந்தால் நிரப்ப வேண்டும். தளம் தொய்ந்திருந்தால் அந்த அறையில் யாரும் படுக்காமல் உடனே பொறியாளரைக் காட்டவும். சுண்ணாம்பு அடித்து மறைப்பது பெரிய தவறு.

கூரை தரும் நீர்

கூரையிலிருந்து விரட்டும் நீரை வீணாக்கவும் வேண்டாம். 1,000 சதுர அடித் தளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் நீர் விழுகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கிணறு கரிக்கும் நம் ஊரில் இந்த நீரின் அருமை அதிகம். முதல் மழை நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தால் கால்நடைக்கும், நாற்றங்காலுக்கும், மருந்து தெளிப்புக்கும் உதவும். கல்நார்த் தகட்டு நீரைக் குடிநீராகப் பயன்படுத்த வேண்டாம்.

மாதவாரி வேலைகள்

மாசி, பங்குனி: தளத்தைச் சுத்தம் செய்து வெடிப்புகளுக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளம் இடவும்.

சித்திரை, வைகாசி: வெடிப்பு அடைத்தல், பூச்சு வேலை, சுருக்கித் தளம். புதுத் தளம் போட்டால் நீர் நிறுத்துவதில் குறை வைக்க வேண்டாம்.

ஆனி, ஆடி: கீற்று மாற்றுதல், ஓடு மாற்றிப் போடுதல், திருகாணி வாஷர்களைப் பார்த்தல்.

ஆவணி, புரட்டாசி: குழாய் வாய்களைச் சுத்தம் செய்து கம்பி வலை பொருத்துதல். மாடியை ஒட்டிய மரக்கிளைகளைக் கழித்தல். வலுவான கான்கிரீட் தளமாயின், குழாயை அடைத்து ஓர் அங்குல நீரை ஒரு நாள் நிறுத்தி ஒழுக்குச் சோதனை செய்தல். பழைய மச்சுத் தளத்திலும் பலவீனமான தளத்திலும் இந்தச் சோதனை கூடாது.

ஐப்பசி, கார்த்திகை: வாரம் ஒரு முறை மாடி ஏறிப் பார்த்தல். ஒழுக்கு கண்டால் தற்காலிகமாகத் தார்ப்பாய் விரித்து, இடத்தைக் குறித்து வைத்து, நிலையான வேலையைக் கோடைக்குத் தள்ளிவைத்தல்.

வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் வயல் முழுவதும் தண்ணீர் பாய்ச்சி என்ன பயன்? முதலில் வளையைத் தேடி அடைக்கிறோம். கூரைக்கும் அதே முறைதான். முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்க வேண்டும். வாட்டத்தையும் குழாயையும் சரி செய்ய வேண்டும். அதன் பிறகும் தேவையானால் மருந்து வாங்கலாம். கிள்ளையில் நான் கண்ட அந்த விவசாயி அடுத்த கோடையில் செய்தது இவ்வளவுதான்: குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலை, மூலைக்கு வளைவுப் பூச்சு, பூவரசங்கிளை கழிப்பு. அதற்கு அடுத்த தை மாதம் அவருடைய உளுந்து உரிய பருவத்தில் வயலில் விழுந்தது.